கிணறு எண் 7

(கணியம்பாடி ஒன்றியத்தில் நடைபெற்ற ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அரங்கில் இருக்கிறீர்கள். 'வலை வரைபடங்களில் எக்ஸ்எம்எல் வடிவமும் தரவுத்தளமும்' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருப்பதைப் பார்த்ததும் முன்வரிசையில் ஒரு சகோதரி, "இது கணினி ஆசிரியர்களுக்கு மட்டும் வைக்க வேண்டிய வகுப்பாயிற்றே" என்றார். நான் கணினி ஆசிரியர் அல்லன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துபவன். நிலவரைபடத்தில் ஆற்றையும் மலையையும் குறிக்கச் சொல்லி, மதிப்பெண் போட்டுப் பழகியவன். அப்படிப்பட்ட என்னையும் என் வகுப்பையும் இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டவை கிணறுகள். ஆகவே கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பகுதியில் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தோல் தொழிலைப் பற்றிப் பேசாமல் முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் படுகை ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தொழில். அதே தொழிலின் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது என்பதும் வரலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையையும், 'தீங்கு வருமுன் தடுக்க வேண்டும்' என்ற கொள்கையையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. 2025 ஜனவரி 30 அன்றும் இந்தத் தோல் பகுதியைப் பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் என் கண்ணில் நின்றவை இரண்டு எண்கள். தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போய்விட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு ஒன்று. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு மற்றொன்று: மொத்தம் 467 கிணறுகள், அவற்றில் 350 மாசுபட்டவை. யோசித்துப் பாருங்கள். "எங்கள் ஊரில் தண்ணீர் கெட்டுப்போச்சு" என்று எத்தனை பேர், எத்தனை மனுவில், எத்தனை ஆண்டு சொல்லியிருப்பார்கள்? யாரோ ஒருவர் ஊர் ஊராய்ப் போய் ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்த்து, எண்ணி, எழுதி வைத்தபோது அந்தப் புலம்பல் சான்றாக மாறியது. எண்ணிக்கையோடு இடமும் சேர்ந்தால் அதை மறுப்பது கடினம்.

அப்படி எழுதி வைக்கும் பழக்கத்துக்கு நம் கணியம்பாடியே நல்ல எடுத்துக்காட்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாக இந்த ஒன்றியத்தின் கிராமங்களில் வீடு வீடாகப் பிறப்பு, இறப்பு, கர்ப்பிணிகள், தடுப்பூசி என்று பதிவு செய்து வருகிறது. உள்ளூர்ப் பெண்கள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நடந்து சேர்த்த விவரங்கள் பின்னாளில் கணினிக்குப் போயின. உலகில் எங்கோ வெளியாகும் மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் 'கணியம்பாடி' என்ற பெயர் அச்சாவது அதனால்தான். நடந்து போய்க் கேட்டு எழுதியது முதலில், கணினி பிறகு. இந்த வரிசையை நினைவில் வையுங்கள்.

என் வகுப்புக் கதைக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், "பள்ளியைச் சுற்றி எத்தனை கிணறு இருக்கிறது, கண்டுபிடித்து வாருங்கள்" என்றேன். நீரின் தரத்தைச் சோதிப்பது எங்கள் நோக்கம் இல்லை. அது ஆய்வகத்தின் வேலை. எங்கே இருக்கிறது, யார் பயன்படுத்துகிறார்கள், எத்தனை அடி ஆழம், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, சுற்றுச்சுவர் உண்டா, இல்லையா என்பவைதாம் கேள்விகள். வேலியோரம் நின்ற ஒரு பாட்டி பிள்ளைகளைப் பார்த்து, "கெணறு எண்ணி இன்னாடா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாராம். பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அப்போது முழுதாகத் தெரியாது.

இரண்டு வாரத்தில் ஏழெட்டு நோட்டுகள் நிரம்பின. எல்லாவற்றையும் மேசையில் விரித்துப் பார்த்தால் ஒரே குழப்பம். 'பெரிய கிணறு' என்று நான்கு இருந்தன. ஒருவன் ஆழத்தை அடியில் எழுதியிருந்தான், ஒருத்தி மீட்டரில் எழுதியிருந்தாள். மூன்றாமவன் வெறும் '12' என்று எழுதியிருந்தான். 5-3 என்று தேதி போட்டிருந்தது. அது மார்ச் ஐந்தா, மே மூன்றா? எழுதியவனுக்கே மறந்துவிட்டது. உண்மையாக உழைத்துச் சேர்த்த தகவல், எழுதிய முறையால் பாதி வீணாயிற்று. எக்ஸ்எம்எல் என்றால் என்ன என்று நான் தேடியது அன்றைக்குத்தான்.

பெயரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு தகவலுக்கும் 'இது இன்னது' என்று முன்னும் பின்னும் சீட்டு ஒட்டி எழுதும் முறை அது, அவ்வளவுதான். வைய விரிவு வலைக் கூட்டமைப்பு 1998 பிப்ரவரியில் அதை ஒரு தரமாக வெளியிட்டது. சீட்டின் பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம், தமிழிலேயே வைக்கலாம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எங்கள் ஏழாம் கிணறு இப்படி இருந்தது:

<கிணறு எண்="7">
  <இடம் அட்சம்="12.81" தீர்க்கம்="79.13"/>
  <வகை>திறந்த கிணறு</வகை>
  <ஆழம் அலகு="அடி">40</ஆழம்>
  <சுற்றுச்சுவர்>இல்லை</சுற்றுச்சுவர்>
</கிணறு>

இதைக் கரும்பலகையில் எழுதியபோது ஒரு மாணவன், "சார், இது கணக்குல அடைப்புக்குறி மாதிரி. திறந்தா மூடணும்" என்றான். அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. உள்ளே திறந்ததை முதலில் மூட வேண்டும், வெளியே திறந்ததைக் கடைசியில் மூட வேண்டும். அடுக்குத் தூக்கில் கீழடுக்கு மேலடுக்கு மாறக் கூடாது என்பது போல. ஒன்றை மூட மறந்தாலும் கணினி கோப்பைப் படிக்க மறுத்துவிடும். இந்தக் கறார்தான் இதன் பலம். '40' என்ற எண் இனி அநாதை அல்ல. அது ஆழம், அதன் அலகு அடி. பத்தாண்டு கழித்து வேறொரு பள்ளியில் வேறொருவர் திறந்தாலும் அதற்கு அதே பொருள்தான். தேதியையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத முடிவு செய்தோம். குழப்பம் நின்றது.

நாம் நமக்கென்று சீட்டு எழுதலாம். உலகத்தோடு பகிர வேண்டுமானால் எல்லோரும் ஒப்புக்கொண்ட சீட்டுகள் வேண்டும். வரைபட உலகில் அப்படிச் சில உண்டு. கைப்பேசியோடு நடந்தால் நடந்த தடத்தை எழுதித் தருவது ஜிபிஎக்ஸ். இடங்களைக் குறித்து, வண்ணம் கொடுத்து, விளக்கம் சேர்த்துக் காட்டுவது கேஎம்எல். கீஹோல் என்ற நிறுவனம் உருவாக்கியது. 2004இல் அந்த நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. 2008 ஏப்ரலில் கேஎம்எல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. கூகுள் எர்த்தில் நீங்கள் ஓர் இடத்தைச் சேமித்தால் உள்ளே எழுதப்படுவது இதுதான். இப்போது ஜியோஜேசன் என்ற வேறொரு வடிவமும் பரவலாக இருக்கிறது. குறிகள் மாறினாலும் கருத்து ஒன்றே.

இங்கே எங்களுக்கு நேர்ந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நோட்டில் இருந்த இடங்களை மாணவர்கள் கேஎம்எல் கோப்பில் தட்டச்சு செய்தார்கள். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் திரையில் வரைபடத்தைத் திறந்தோம். கணியம்பாடியில் ஒரு கிணறும் இல்லை. தேடிப் பார்த்தால் எல்லாம் வட துருவப் பக்கம், நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுகளில், பனிமலை நடுவே வரிசையாக நிற்கின்றன!

என்ன நடந்தது? நாம் பாடத்தில் அட்சத்தை முதலில் சொல்வோம், தீர்க்கத்தைப் பிறகு சொல்வோம். கேஎம்எல் தீர்க்கத்தை முதலில் கேட்கும், அட்சத்தைப் பிறகு கேட்கும். கணக்கில் x முதலில், y பிறகு என்பது போல. நாங்கள் 12.81, 79.13 என்று கொடுத்தோம். அது 79.13 பாகை வட அட்சம் என்று எடுத்துக்கொண்டது. எண் 90-க்குள் இருப்பதால் கணினிக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. வகுப்பே சிரித்தது. நான் அந்தச் சிரிப்பை வீணாக்கவில்லை. அந்தத் தீவிலேயே, எங்கள் கிணறுகள் போய் நின்ற இடத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அருகில், நி-ஆலசுண்ட் என்ற குடியிருப்பில் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்கி வருகிறது. ஆர்க்டிக் பகுதி, துருவக் காலநிலை, நள்ளிரவுச் சூரியன் எல்லாவற்றையும் அன்றைக்கே நடத்தி முடித்தேன். பாடப்புத்தகத்தில் இரண்டு வாரம் தள்ளி இருந்த பாடம்!

அந்தத் தவறிலிருந்து ஒரு விதி செய்தோம். தமிழ்நாடு ஏறத்தாழ வட அட்சம் 8 முதல் 13.6 வரையிலும், கிழக்குத் தீர்க்கம் 76 முதல் 80.4 வரையிலும் பரவியிருக்கிறது. இந்த எல்லைக்கு வெளியே எந்த எண் வந்தாலும் ஏற்காதே. இப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கோப்பின் வரையறையிலும் வைக்கலாம், தரவுத்தளத்திலும் வைக்கலாம். தவறு நடப்பதைத் தடுக்க முடியாது. நடந்த தவறு உள்ளே போய் உட்காராமல் வாசலில் நிறுத்தலாம்.

இப்போது தரவுத்தளம். எக்ஸ்எம்எல் இருக்கும்போது அது எதற்கு என்று கேட்பீர்கள். நெல்லை வயலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர மூட்டை வேண்டும். மூட்டையில் எந்த நெல், எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். வீட்டில் சேமித்து, வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கக் குதிர் வேண்டும். எக்ஸ்எம்எல் மூட்டை, தரவுத்தளம் குதிர். உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் தொடங்கியது. அதில் நாம் வரைவது எக்ஸ்எம்எல் வடிவில் போய்ச் சேர்கிறது. சேர்ந்த பிறகு அது குடியிருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில். அதற்குள் புள்ளிகள் தனியாக இருக்கும். சாலை என்பது 'இந்தப் புள்ளி, அடுத்து இந்தப் புள்ளி' என்று எண்களை மட்டும் வைத்திருக்கும் ஒரு வரிசை. இரண்டு சாலைகள் ஒரே புள்ளியின் எண்ணை வைத்திருந்தால் அங்கே அவை சந்திக்கின்றன என்று பொருள். படத்தில் ஒன்றையொன்று வெட்டுவது போலத் தெரிந்தாலும் பொதுப்புள்ளி இல்லையென்றால் ஒன்று மேம்பாலமாக இருக்கலாம். கணக்கு ஆசிரியர்கள் கணங்களின் வெட்டு நடத்தும்போது இதைச் சொல்லலாம்.

தரவுத்தளத்தின் முதல் பாடம் நமக்கு ஏற்கெனவே தெரியும். கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில், அதாவது எமிஸில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறதே, ஏன்? ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருப்பார்கள். பெயரில் எழுத்து மாறும். பள்ளி மாறும். எண் மாறாது. எங்கள் நான்கு 'பெரிய கிணறு'களும் 3, 7, 11, 16 என்று எண் பெற்றன. பிரச்சினை தீர்ந்தது. 2019இல் நம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. 'வேலூர் மாவட்டம், ஆம்பூர்' என்று ஒவ்வொரு நிரையிலும் எழுதி வைத்தவர்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதாயிற்று. மாவட்டத்தைத் தனி அட்டவணையாக வைத்து எண்ணால் இணைத்தவர்களுக்குச் சில வரிகளில் வேலை முடிந்தது. ஊர் நகரவில்லை, பெயர்தான் மாறியது.

இரண்டாவது பாடம்: மாறாததையும் மாறுவதையும் ஒரே அட்டவணையில் போடாதே. கிணறு இருந்த இடத்தில் இருக்கிறது. நீர்மட்டம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆகவே கிணறுகளுக்கு ஓர் அட்டவணை, அளவீடுகளுக்கு இன்னோர் அட்டவணை. இரண்டையும் இணைப்பது கிணற்றின் எண். இப்படி வைத்த பிறகு கேள்வி கேட்கலாம். 'மார்ச் மாதத்தில் 30 அடிக்குக் கீழே தண்ணீர் போன கிணறுகள் எவை?' சாதாரண விரிதாளே இதற்குப் போதும். 'பள்ளிக்கு வரும் பாதையிலிருந்து 20 மீட்டருக்குள் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் எவை?' என்று கேட்டால் அதற்கு இடத்தை அறிந்த தரவுத்தளம் வேண்டும். போஸ்ட்கிரெஸோடு சேர்ந்து இயங்கும் போஸ்ட்ஜிஐஎஸ் 2001 முதல் அதைச் செய்கிறது. பள்ளிக் கணினிக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். நாங்கள் அதைத்தான் பயன்படுத்தினோம்.

அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டது ஒரு மாணவி. அவளுடைய தம்பி தொடக்கப்பள்ளியில் படிக்கிறான். அவனும் அவன் நண்பர்களும் குறுக்கு வழியில் வருவார்கள். அந்த வழியில்தான் ஏழாம் கிணறு. கரையில் புல் மண்டி, விளிம்பு தெரியாமல் கிடந்தது.

கேள்விக்கு விடை வேண்டுமானால் பிள்ளைகள் நடக்கும் பாதைகள் வேண்டும். 'பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகும்போது தடத்தைப் பதிவு செய்யுங்கள்' என்று கைப்பேசி கிடைக்கக்கூடிய சில மாணவர்களிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் தடங்கள் வந்தன. எல்லாவற்றையும் கிணறுகளோடு சேர்த்து ஒரு வலை வரைபடமாக்கி, இணைப்பை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெருமையாக இருந்தது.

மறுநாள் மாலை ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். காலணித் தொழிற்சாலையில் வேலை முடிந்து நேராக வந்திருந்தார். உறவுக்காரப் பையன் ஒருவன் அந்த வரைபடத்தை அவருக்குக் காட்டியிருக்கிறான். அவர் சத்தம் போடவில்லை. "சார், எம் பொண்ணு எத்தினி மணிக்குக் கெளம்புது, எந்தப் பக்கமா தனியா நடந்து வருது, எந்த வூட்டாண்ட நிக்குதுன்னு எல்லாம் இதுல இருக்குதாமே. நான் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வூட்டுக்கு வரேன். இது யார் யார் கையில சார் போகும்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஜிபிஎக்ஸ் கோப்பை நான் ஆசிரியர் கண்ணோடு பார்த்திருந்தேன். அதன் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் நேரத்துக்கு என்று ஒரு சீட்டு இருக்கிறது. எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை நொடி. தடம் முடியும் இடம் வீடு. ஐந்து நாள் தடத்தை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் ஒரு பெண் குழந்தையின் தினசரி வழக்கம் கண் முன்னால். தகவலைத் துல்லியமாக எழுதும் கறாரைப் புகழ்ந்தேனே, அதே கறார்தான் இங்கே ஆபத்தாயிற்று. நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் எதிரிலேயே வரைபடத்தை நீக்கினேன். பதிவிறக்கியவர்களிடமும் அழிக்கச் சொன்னேன். ஆனால் வெளியே போனது முழுதாகத் திரும்பி வந்ததா என்று இன்றைக்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் இதை உங்கள் முன் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவரைக் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தத் தாயின் கேள்வி போதும்.

பிறகு மாணவர்களோடு உட்கார்ந்து முறையை மாற்றினோம். பெற்றோர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால்தான் தடம். நேரச் சீட்டுகள் எல்லாம் நீக்கம். வீட்டுப் பக்கத்தில் ஒரு பகுதியை வெட்டிவிடுவது. யார் நடந்தது என்ற பெயர் வேண்டாம். ஒரு வழியில் பலர் நடந்தால் அது 'பாதை', அதுமட்டும் போதும். பாதைகள் பள்ளிக் கணினியைத் தாண்டிப் போகக் கூடாது. வெளியே காட்டும் வரைபடத்தில் கிணறுகள் மட்டும். தனியார் கிணறென்றால் உரிமையாளரிடம் கேட்ட பிறகுதான்.

இங்கே தசம எண்கள் கைகொடுத்தன. ஒரு பாகை அட்சம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதினால் 1.1 கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியம். மூன்று இலக்கம் 110 மீட்டர். நான்கு 11 மீட்டர். ஐந்து 1.1 மீட்டர். சற்று முன் நான் காட்டிய ஏழாம் கிணற்றின் இடத்தில் இரண்டு இலக்கம்தான் எழுதியிருந்தேன், கவனித்தீர்களா? ஊர் தெரியும், கிணறு தெரியாது. சுவர் கட்ட வருபவருக்கு ஐந்து இலக்கம் கொடுங்கள். ஊருக்குக் காட்டும்போது எத்தனை இலக்கம் தேவை என்று யோசித்துக் கொடுங்கள். ஏழாம் வகுப்பில் தசமத்தின் இடமதிப்பை இவ்வளவு பொறுப்போடு என்னால் முன்பு நடத்த முடிந்ததில்லை.

புதிய முறையில் கேள்வியைத் திரும்பக் கேட்டோம். பாதையிலிருந்து 20 மீட்டருக்குள் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் மூன்று. அவற்றில் ஒன்று ஏழாம் கிணறு. அந்த மூன்றையும் ஒரே தாளில் வரைபடமாக அச்சிட்டோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் அந்த மாணவியே எழுந்து வாசித்தாள். "இத்தனை நாளா அது அங்கதானே இருக்குது" என்று ஒருவர் சொன்னார். "இருக்குதுங்க ஐயா. இப்ப தாள்லயும் இருக்குது" என்றாள். எல்லாம் உடனே நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏழாம் கிணற்றுக்கு முள்வேலி முதலில் வந்தது, சுவர் பல மாதம் கழித்து வந்தது. இன்னொரு கிணற்றின் உரிமையாளர் தாமே கம்பிவலை போட்டார். மூன்றாவது இன்னும் அப்படியே கிடக்கிறது. அடுத்த கிராம சபைக்கும் அந்தத் தாள் போகும்.

நீங்கள் என்ன செய்யலாம்? தொடக்கப்பள்ளியில் கணினியே வேண்டாம். பள்ளி வளாகத்தில் உள்ள மரங்களுக்கு எண் கொடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சீட்டு: பெயர், உயரம், நிழல் உண்டா, பறவைக் கூடு உண்டா. எல்லாச் சீட்டிலும் அதே தலைப்புகள், அதே வரிசை. நான்காம் வகுப்புக் குழந்தை தரவுத்தளத்தின் பாதியைக் கற்றுவிட்டது.

உயர்நிலையில் கணக்கு ஆசிரியர்கள் அடுக்குகளை நடத்தும்போது வலை வரைபடத்தைத் திறந்து காட்டுங்கள். உலகம் முழுவதும் முதலில் ஒரே சதுரப் படம். ஒரு படி பெரிதாக்கினால் 4 சதுரங்கள், இன்னொரு படிக்கு 16. பதினெட்டாம் படியில் 4-இன் 18ஆம் அடுக்கு, அதாவது 6,871 கோடிக்கும் மேல். உங்கள் தெருவைப் பார்க்கும்போது அவற்றில் சிலவற்றை மட்டும்தான் கைப்பேசி வாங்குகிறது. தமிழாசிரியர்கள் ஊர்ப்பெயர்களைச் சேகரிக்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயருக்கென்று தனிச் சீட்டு உண்டு. பல சிற்றூர்களுக்கு அது இன்னும் காலியாக இருக்கிறது. ஏரி, மதகு, குன்று, சாவடி என்று உள்ளூர் மக்கள் வாயில் இருக்கும் பெயர்களை எழுத நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

சமூக அறிவியல் ஆசிரியர்கள் இந்த வட்டாரத்து நாகநதியை எடுத்துக்கொள்ளலாம். அதன் நீர்ப்பிடிப்பில் மறுஊட்டக் கிணறுகளும் கல் தடுப்புகளும் அமைக்கும் பணியில் நூறு நாள் வேலைப் பெண்கள் பெருமளவில் உழைத்திருக்கிறார்கள். உங்கள் மாணவர்களில் சிலரின் அம்மாவோ பாட்டியோ அதில் மண் சுமந்திருப்பார். எங்கே வெட்டினார்கள், எப்போது வெட்டினார்கள், இப்போது தண்ணீர் நிற்கிறதா என்று அவர்களையே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

எது செய்தாலும் தொடங்குமுன் மூன்று கேள்விகள். இது யாருக்குப் பயன்படும்? இதில் யாருடைய வீடு, யாருடைய நேரம், யாருடைய பெயர் வெளிப்படும்? அவரிடம் கேட்டோமா? மூன்றாவது கேள்வியைக் கேட்க மறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்தப் பாட்டியைச் சென்ற மாதம் பார்த்தேன். வேலியோரம் அதே இடத்தில் நின்றிருந்தார். "கெணறு எண்ணுன பசங்க சார்தானே நீ?" என்று கேட்டுவிட்டு, சுவரைக் கையால் காட்டினார். "எங்க வூட்டுக்காரர் வெட்டுன கெணறு அது. எண்ணு இன்னா போட்டீங்க?"

"ஏழு பாட்டி" என்றேன்.

"எழுதி வெச்சுக்க" என்றார்.